பாய்லர் இன்ஸ்பெக்டரும் தங்கச்சி மாப்பிள்ளையும்

எங்கள் பாய்லர் இன்ஸ்பெக்டருக்கு ஆபீசில் நாங்கள் வைத்த பெயர் சீல்காரர். அறுநூறு பாய்லருக்கு அவர் ஒருத்தர். அவருக்கு ஓர் ஓட்டை ஜீப், அதை ஓட்ட நான். யானைப் பசிக்குச் சோளப்பொரி. ஒரு பாய்லருக்கு வருஷத்தில் ஒரே ஒரு நாள்தான் அரசாங்கம். மிச்ச நாளெல்லாம் அவரவர் தலையெழுத்து.

அதில் ஒரு சாயப்பட்டறைப் பாய்லரை ஓட்டியவர் சீல்காரரின் தங்கச்சி மாப்பிள்ளை. ஆவி மிஞ்சினால் தானாகத் திறக்கும் வால்வில் இரும்புக் கட்டி ஒன்றைத் தொங்கவிட்டு, அதைத் திறக்கவிடாமல் வேலை பார்ப்பார். சோதனை நாளில் மட்டும் கட்டியைக் கழற்றி ஒளித்துவிடுவார். அந்தச் செவ்வாய்க்கிழமை சொல்லாமல் போய் நின்றோம். கட்டி தொங்கியது. சீல்காரர் மாப்பிள்ளையின் சட்டையைப் பிடித்துச் சுவரில் மோதவைத்தார்.

"சாகப் போறீங்களா மாப்ளே?"

"ஆவி போயிட்டா சாயம் ஏற மாட்டேங்குது மச்சான். முதலாளி என்னைத்தான் திட்டுறாரு."

சீல்காரர் நெருப்பை அணைத்து, உலைக் கதவுக்கு ஈய முத்திரை வைத்தார். வால்வில் கை வைத்தவர் பெயரைப் போலீசுக்கு எழுதினால் அன்றைக்கே உள்ளே தள்ளிவிடுவார்கள். சாயங்காலம் எழுத உட்கார்ந்தபோது தங்கச்சி ஆபீசுக்கே வந்து காலில் விழுந்தாள்.

"பேரை மட்டும் விட்டுடுண்ணா."

'அடையாளம் தெரியாத நபர்' என்று எழுதினார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் அந்தக் கடிதத்தை நான்தான் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

மறுநாள் காலை மாப்பிள்ளை முத்திரையை வெட்டியெறிந்து, கட்டியை மாட்டி, தீ மூட்டினார். பதினொன்றேகாலுக்கு வெடித்தது. பாய்லர் கூரையைப் பிய்த்துக்கொண்டு போய்ச் சாலையில் நின்ற லாரியை நசுக்கியது. நாங்கள் போனபோது வெந்தவர்கள் அலறிக்கொண்டு ஓடினார்கள். சட்டையைக் கழற்றினால் தோலும் சேர்ந்து வந்தது. செத்தது ஏழு பேர். மாப்பிள்ளையை இடுப்புப் பெல்ட்டை வைத்துத்தான் கண்டுபிடித்தோம்.

அரசு ஜீப்பைப் பார்த்ததும் கூட்டம் பாய்ந்தது. செங்கல் ஒன்று சீல்காரரின் புருவத்தைக் கிழித்தது. கீழே தள்ளி மிதித்தார்கள். விலா எலும்பு முறிந்த சத்தம் எனக்கே கேட்டது.

"நேத்துதான்டா சீல் வெச்சோம்!" என்று கத்தினேன். என் முன்பல் இரண்டு போயின. சட்டமாம், சீலாம்! ஒரு கத்தரிக்கோலுக்குத் தாங்காத சட்டம்.

தங்கச்சி வந்ததும் கூட்டம் ஒதுங்கியது. புருஷன் மேல் கிடந்த சாக்கை விலக்கிப் பார்த்தாள். பிறகு அண்ணன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"நீ அழுதியேன்னுதாம்மா..." என்றார் அவர், வாயில் ரத்தம் வழிய.

ஓங்கி ஓர் அறை விட்டாள்.

"பொண்டாட்டி அழத்தாண்ணா செய்வா. அதுக்காக நீ எழுதாம விட்டுடுவியா?"