ஜக்கெற்றுக்குள் அடங்குகிற பிஸ்ரல்

இந்த ஜேர்மனியிலை என்ரை மனிசனுக்காக நான் நிரப்பாத அன்ராக் இல்லை, விண்ணப்பத்துக்கு இஞ்சை அப்பிடித்தான் சொல்லுறது. விசாவுக்கு, வீட்டுக்கு, பிள்ளையளின்ரை பள்ளிக்கூடத்துக்கு, கடைக்கு, கடை வாசலிலை தொங்கிற பலகைக்குக்கூட ஒரு படிவம். இருபத்திரண்டு வருசமாய் இவர் கையெழுத்து மட்டும்தான் வைக்கிறவர். ஜேர்மன் கதைக்கிற வாய் என்ரை. ஒருநாள் பின்னேரம் வெங்காய மூட்டையை இறக்கி வைச்சிட்டு, தனக்கொரு பிஸ்ரல் வேணும், அதுக்கு என்ன அன்ராக் எண்டு பாரும் எண்டார். எனக்குச் சிரிப்பு வந்திட்டுது. பிறகு முகத்தைப் பார்த்தன். பகிடி விடுகிற முகமில்லை.

மூண்டு கிழமைக்கு முன்னம்தான் எங்கடை கடைக்குள்ளை கள்ளர் வந்தவங்கள். ஸ்ரேசனுக்குப் பின்பக்கம் இருக்கிற சின்னக் கடை. அரிசி, தேங்காய், மரக்கறி, வெள்ளிக்கிழமையிலை மீன். நல்ல வெளிச்சமான நேரம். நான் பின் அறையிலை முருங்கைக்காயைக் கட்டுக் கட்டாய்க் கட்டிக்கொண்டிருந்தன். ரெண்டு பேர், முகத்திலை துணி. ஒருத்தன் இவரின்ரை கழுத்திலை கத்தியை வைக்க, மற்றவன் காசு லாச்சியை வழிச்சுக்கொண்டு ஓடிட்டான். சத்தம் கேட்டு நான் வந்து பார்க்க அவங்கள் இல்லை. இவர் மட்டும் ரெண்டு கையையும் மேலை தூக்கினபடி நிக்கிறார். போயிட்டாங்கள், கையை இறக்குங்கோ எண்டு நான் ரெண்டு தரம் சொல்லவேண்டி வந்தது.

அதுக்குப் பிறகு மனிசன் மனிசனாய் இல்லை. கடைக் கதவிலை மணி அடிச்சால் திடுக்கிடுவார். ஆரும் குனிஞ்சு அரிசி மூட்டையைப் பார்த்தால் அவையின்ரை கையையே பார்த்துக்கொண்டு நிப்பார். இந்த நேரம் பார்த்து வேறை ஊரிலை கடை வைச்சிருக்கிற ஒரு அண்ணை போன் எடுத்தார். புத்தி சொல்லுறதுக்கெண்டே பிறந்த சீவன். ஒருவகைப் பிஸ்ரல் இருக்காம், குண்டு போகாதாம், கண் எரியிற காஸ்தானாம், பொலிசிலை சின்ன அனுமதி ஒண்டு எடுத்தால் ஜக்கெற்றுக்குள்ளை வைச்சுக்கொண்டு திரியலாமாம், பார்க்கிறவனுக்கு அசல் பிஸ்ரல்தானாம். இவர் அதைப் பிடிச்சுக்கொண்டார்.

எனக்குத் துவக்கெண்ட சொல்லே ஆகாது. ஏனெண்டு எங்கடை வீட்டிலை எல்லாருக்கும் தெரியும். என்ரை தங்கச்சி பதினேழு வயசிலை ரியூசனுக்குப் போனவள், திரும்பி வரேல்லை. இயக்கத்திலையிருந்து ஒருத்தன் அந்த ரியூசன் கொட்டிலுக்கு வந்து கதைச்சவனாம். அவன் கதைச்சு முடிய ஏழு பிள்ளையள் எழும்பி அவனுக்குப் பின்னாலை போச்சுதுகளாம். அவளின்ரை சைக்கிளை மட்டும் அப்பா உருட்டிக்கொண்டு வந்தார். செத்தாள் எண்டு ஒருத்தரும் சொல்லேல்லை. இருக்கிறாள் எண்டும் சொல்லேல்லை. அதாலை நாங்கள் திவசம் செய்யிறேல்லை, படத்துக்கு மாலை போடுறேல்லை. வருசா வருசம் அவளின்ரை பிறந்தநாளுக்கு இஞ்சை ஊன்ட்றொப் ஊர் அம்மன் கோயிலிலை அவளின்ரை நட்சத்திரத்தைச் சொல்லி அர்ச்சனை செய்விப்பன், உயிரோடை இருக்கிற ஆளுக்குச் செய்யிற மாதிரியே.

பிறகு வீட்டை வந்து இடியப்பமும் அவளுக்குப் பிடிச்ச கத்தரிக்காய்ப் பால்கறியும். அதைப் போட்டுக் குடுத்துக்கொண்டே ஏசுவன். அண்டைக்கு வந்து கதைச்சவன் நாசமாய்ப் போக. அவன்ரை வாய் அழுகிப் போக. அவன் பெத்ததுகள் அவனைத் திரும்பிப் பாராமல் போக. வருசம் முழுக்க அடக்கி வைச்சது அண்டைக்குத்தான் வெளியிலை வரும். பிள்ளையள் ரெண்டும் சின்னனிலை பயந்ததுகள், பிறகு பழகிட்டுதுகள். இவர் மட்டும் ஒரு சொல்லுச் சொல்லமாட்டார். சாப்பிட்டு முடிய எல்லாற்றை கோப்பையையும் எடுத்துக்கொண்டு போய்க் கழுவுவார். எவ்வளவு நல்ல மனிசன் எனக்கு வாய்ச்சிருக்குது எண்டு நான் நினைக்கிறனான்.

கலியாணம் பேசேக்கை அம்மா கேட்ட கேள்வி ஒண்டே ஒண்டுதான். சீதனத்தைப் பற்றியில்லை, சாதகத்தைப் பற்றியில்லை. பெடியன் துவக்குத் தூக்கினவனோ எண்டு மட்டும் கேட்டவ. இல்லை, தொட்டுக்கூடப் பார்க்காதவன் எண்டு பதில் வந்தது. ஜேர்மனிக்கு வந்து முதல் நாள் நானும் கேட்டனான். இவரும் என்ரை முகத்தைப் பார்த்து அதையேதான் சொன்னவர்.

இப்ப இந்தப் பிஸ்ரல் கதையை எப்பிடி நிப்பாட்டுறது? மாட்டன் எண்டால் அந்த அண்ணையைக் கூட்டிக்கொண்டு போய் வாங்கிக்கொண்டு வந்து நிப்பார். அதாலை ஒரு யோசினை எடுத்தன். முதல்லை சாமானைப் பார்ப்பம், அன்ராக்கைப் பிறகு நிரப்புவம் எண்டன். சீலைக் கடையிலை செய்யிற வேலைதான்: அதை எடுங்கோ, இதை விரியுங்கோ, இதிலை கரை சரியில்லை எண்டு கடைக்காரனையும் அலுப்படிச்சு, கூட வந்தவரையும் அலுப்படிச்சு, ஒண்டும் வாங்காமல் வெளியிலை வாறது. எனக்கு அது கைவந்த கலை.

துவக்குக் கடை பக்கத்து ஊரிலை. வேட்டைக்காரர் போடுற பச்சை உடுப்புகளுக்கும் சப்பாத்துகளுக்கும் நடுவிலை ஒரு கண்ணாடி மேசை, அதுக்குப் பின்னாலை மூக்குக் கண்ணாடியோடை வயசான ஒரு ஜேர்மன்காரர். நல்ல மனிசன், ஆறுதலாய் விளங்கப்படுத்தினார். வாங்கி வீட்டிலை வைக்கலாம், ஆனால் உடுப்புக்குள்ளை மறைச்சுக் கொண்டு திரியிறதெண்டால் பொலிஸ் அனுமதி கட்டாயமாம். சனம் கூடுற விழாக்களுக்குக் கொண்டு போகவே ஏலாதாம். அப்ப கோயில் தேருக்கு என்ன செய்வியள், அம்மனிட்டைக் குடுத்திட்டு வருவியளோ எண்டு இவரைக் கேட்டன். மனிசன் சிரிக்கேல்லை.

சின்னனாயும் இருக்கவேணும், வெளியிலை தெரியவும் கூடாது, தேவைப்படுற நேரம் ஏமாத்தவும் கூடாது, அப்பிடி எது எண்டு கேட்டன். மூண்டும் ஒண்டாய்க் கிடைக்கிறது கஷ்டம் எண்டார் கடைக்காரர். உள்ளங்கைக்குள்ளை அடங்கிறது சில நேரம் இறுகி நிண்டிடுமாம். கொஞ்சம் பெரிசு நம்பலாம், ஆனால் பாரம். உருண்டைக் கூடு சுத்துற ரிவோல்வர் ஏமாத்தாது, ஆனால் வயித்துப் பக்கம் புடைச்சுத் தெரியும். இவருக்கு அந்த இடத்திலை ஏற்கெனவே இடமில்லை எண்டன். கடைக்காரர் விழுந்து விழுந்து சிரிச்சார். நான் விடேல்லை. அதைக் காட்டுங்கோ, அந்தக் கறுப்பு என்ன, இது ஏன் இவ்வளவு தடிப்பு எண்டு கேக்கக் கேக்க, மேசைத் துணியிலை ஆறு பிஸ்ரல் வரிசையாய்க் கிடந்தது. ஆறும் எனக்குப் பிழைதான்.

ஏழாவது ஆகச் சின்னன். அதின்ரை அடியிலை இருக்கிற தோட்டாக் கூடு இறுகி நிண்டிட்டுது. கடைக்காரர் இழுத்தார், ஆட்டினார், கழலேல்லை. பார்த்தீங்களோ, இதுதான் சின்னதுகளின்ரை கரைச்சல் எண்டார். அதுவரைக்கும் எட்டி நிண்ட இவர் கையை நீட்டினார். கடைக்காரரும் குடுத்திட்டார்.

இப்ப நான் ஆறுதலாய்ச் சொல்லுறன். அண்டைக்கு அது கண் மூடித் திறக்கிற நேரம். பிஸ்ரலின்ரை வாயைச் சுவர்ப்பக்கம் திருப்பினார். விரல் விசையிலை படாமல் நேராய் நீட்டி நிண்டது. உள்ளங்கையாலை ஒரு தட்டு, கூடு கழண்டு மற்றக் கையிலை விழுந்தது. மேல்பக்கத்தை இழுத்து, சின்னி விரலை உள்ளுக்குள்ளை விட்டுத் தடவி, ஒண்டுமில்லை எண்டு கண்டு துணியிலை வைச்சார். இவ்வளவுக்கும் தன்ரை கையைப் பார்க்கவேயில்லை. கடை வாசலைப் பார்த்துக்கொண்டு நிண்டவர். வீட்டிலை மீன் ரின் திறக்கிறதுக்கு என்னைக் கூப்பிடுற மனிசன்.

கடைக்காரர் மூக்குக் கண்ணாடியைக் கழட்டினார். உங்கடை மனிசன் ஆமியிலை இருந்தவரோ எண்டு என்னட்டைக் கேட்டார். நான் அதை இவருக்குத் தமிழிலை சொன்னன்.

"இல்லையெண்டு சொல்லும்" எண்டார்.

சொன்னன். இவருக்காக எத்தினையோ அரசாங்கக் கந்தோர்களிலை எத்தினையோ கதையை நான் மொழிபெயர்த்திருக்கிறன். பொய்யெண்டு தெரிஞ்சுகொண்டு மொழிபெயர்த்த முதல் வசனம் அதுதான்.

காருக்குள்ளை ஏறின பிறகு இவர் கார்த் திறப்பைப் போட்டார், ஆனால் திருப்பேல்லை. பிறகு தானாய்ச் சொல்லத் தொடங்கினார். இயக்கத்திலை நாலு வருசம் இருந்தவராம். இஞ்சை வந்து அகதி விசாரணைக்குப் போகேக்கை, துவக்குத் தொட்டதில்லை எண்டு சொல்லு, சொன்னதை எங்கையும் மாத்திச் சொல்லாதை, ஒரு ஆளுக்கு உண்மையைச் சொன்னாலும் அது சுத்தி வந்து உன்ரை பைலுக்குள்ளை நிக்கும் எண்டு முன்னம் வந்த ஆக்கள் பாடமாக்கி விட்டவையாம். அம்மா கேட்டபோதும் அந்தப் பாடத்தைத்தான் ஒப்புவிச்சவராம். நான் கேட்டபோதும் அதுதான். பைலுக்குச் சொன்ன பதிலைப் பெண்சாதிக்கும் சொன்னவர்.

அங்கை என்ன வேலை எண்டு கேட்டன். சண்டைக்குப் போனன் எண்டு சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பன்.

"கதைக்கிற வேலை. பள்ளிக்கூடம், ரியூசன் எல்லாம் போய்க் கதைக்கிறது. எனக்கு அப்ப நல்லாய்க் கதைக்க வரும்."

ஐயோ கடவுளே. இந்த மனிசனுக்காகத்தானே நான் இருபத்திரண்டு வருசம் வாயாய் இருந்தனான்.

எங்கடை ஊருக்கு வந்தனீங்களோ எண்டு கேட்டன். இல்லை, உங்கடை பக்கம் வேறை ஆக்கள், சத்தியமாய் நான் வரேல்லை எண்டார். என்ரை முகத்தைப் பார்த்துத்தான் சொன்னார். துவக்குத் தொட்டதில்லை எண்டதையும் இப்பிடி முகத்தைப் பார்த்துத்தான் சொன்னவர். ஒருவேளை உண்மையாய் இருக்கும். அப்பிடியெண்டாலும் வேறை எந்த ஊரிலையோ எவளோ ஒரு அக்கா இவரை ஏசிக்கொண்டு இருப்பாள்தானே. அந்த ஏச்சைத்தான் நான் என்ரை மேசையிலை வைச்சு இவருக்குப் பரிமாறியிருக்கிறன்.

பிஸ்ரல் கதையை அதுக்குப் பிறகு இவர் எடுக்கேல்லை. கள்ளருக்குப் பயந்ததுகூட எப்பிடியோ விட்டுப் போச்சுது. கடையிலை ரெண்டு பேரும் அரிசியையும் மிளகாயையும் பற்றி மட்டும் கதைச்சம். இவருக்கெண்டு முன்னமே பொலிசிலையிருந்து எடுத்து வைச்ச அன்ராக் நிரப்பாமலே லாச்சிக்குள்ளை கிடந்தது.

அடுத்த மாதம் தங்கச்சியின்ரை பிறந்தநாள் வந்தது. கோயிலுக்குப் போய் நட்சத்திரத்தைச் சொன்னன். வீட்டை வந்து இடியப்பம் அவிச்சன், பால்கறி வைச்சன். இவர் வழமையாய் இருக்கிற கதிரையிலை வந்து இருந்தார். நான் கரண்டியைக் கையிலை எடுத்து, வாயைத் திறந்தன். நாசமாய்ப் போக எண்டு தொடங்கவேணும். அவன் பெத்ததுகள் எண்டு வரவேணும். பெத்ததுகள் ரெண்டும் எனக்கு முன்னாலை இருந்து இடியப்பத்தைப் பிச்சுச் சாப்பிட்டுக்கொண்டிருந்ததுகள்.

"என்னம்மா, இந்த முறை ஏசேல்லையோ?" எண்டு மகள் கேட்டாள்.

இவர் கோப்பையைப் பார்த்தபடி, "நீர் ஏசும், நான் இருக்கிறன்" எண்டார்.

வரேல்லை. எவ்வளவு தேடியும் ஒரு சொல்லு வரேல்லை. உடம்பு கிடைக்கேல்லை, செய்தி கிடைக்கேல்லை, அவளுக்கெண்டு என்னட்டை மிஞ்சிக் கிடந்தது அந்தச் சாபம் ஒண்டுதான். அதுவும் போச்சுது. இனி நான் அவளுக்கு என்னத்தைக் குடுப்பன்?

எல்லாரும் சாப்பிட்டு முடிய இவர் கோப்பையளை எடுக்க எழும்பினார். விடுங்கோ எண்டன். அண்டைக்கு, தண்ணியை நல்லாய்த் திறந்துவிட்டு, எல்லாற்றை கோப்பையையும் நான்தான் கழுவினன்.