மாதக் கடைசியில் நான் அடித்த ஃபுல் டேங்க்

கல்முனையில் ஒரு பெற்றோல் செட்டில், அதாவது எரிபொருள் நிலையத்தில், சூப்பர்வைசராகச் சேர்ந்த புதிதில் நடந்தது. இந்த வேலைக்கு வரப்போகிறவர்கள் வாசிக்கட்டும்.

மாதக் கடைசி நாள். இரவுக்கு எரிபொருளின் புது விலை வரும். காலையிலிருந்தே போனில் உலகச் சந்தைதான். எண்ணெய் நாடுகள் உற்பத்தியைக் கூட்டுகின்றன, விலை விழும் என்றது ஒரு செய்தி. கப்பல் பாதையில் பதற்றம், விலை ஏறும் என்றது இன்னொன்று. இரண்டுமே எனக்குச் சரியாகப் பட்டன.

"கூடுமா, குறையுமா மனே?" என்று முதலாளி ஹாஜியார் கேட்டார்.

"ரெண்டுக்கும் சான்ஸ் இரிக்கி ஹாஜியார்."

"இதுக்கா ஏலெவல்ல எக்கனொமிக்ஸ் படிச்ச?"

வாங்கிவைத்த பிறகு விலை குறைந்தால் நட்டம் என்று அவர் புது எண்ணெய் பவுசர் லொறிக்கு ஓடர் போடவில்லை. டாங்கியில் மிஞ்சிய டீசலைத்தான் சம்மாந்துறையில் நிறைய வயலுள்ள போடியார் ஒருவர் நம்பியிருந்தார். பாதி வயல் வெட்டியபடி நெல் வெட்டும் மெஷின் நிற்கிறது, கிழக்கே மழை கறுக்கிறது. கேன்களோடு புறப்பட்டுவிட்டதாகப் போனில் கோல் எடுத்திருந்தார்.

எனக்கு அன்று அக்கரைப்பற்றில் ஒரு கல்யாணம். அதற்காக என் பைக்குக்கு ஃபுல் டேங்க் அடித்தேன். அவ்வளவுதான் செய்தேன்.

"செட்காரனே நிரப்புறான்டா! கூடப்போகுது!"

யார் கத்தியது என்று தெரியாது. கொஞ்ச நேரத்தில் ஓட்டோ, லொறி, ட்ராக்டர் என்று கியூ சந்திவரை போய்விட்டது. டீசல் இறங்கிக்கொண்டே இருந்தது.

"வெட்டு மெஷினுக்குக் கொஞ்சம் விடுங்க காக்கா," என்று முன்னால் நின்ற லொறிக்கார அண்ணனிடம் கேட்டேன்.

"நீ மட்டும் நிரப்புவாய், நாங்க சும்மா போறதா?" என்றார் அவர்.

விலை விழும் என்ற செய்தியைப் போனில் காட்டினேன். யாரும் பார்க்கவில்லை. எல்லாக் கண்ணும் என் பைக்கில்தான்.

எனக்கு என்ன தோன்றியதோ, பைக்கை எல்லோருக்கும் நடுவில் கொண்டுவந்து நிறுத்தி, அதன் பெற்றோல் பைப்பைக் கழற்றி, முழுவதையும் கேனில் இறக்கினேன். ஒரு வார்த்தை கதைக்கவில்லை.

"அடேய், திருப்பி எடுக்கிறான்! குறையப்போகுது போல!"

லொறிதான் முதலில் கழன்றது. பின்னால் ட்ராக்டர்கள். போடியார் வந்தபோது பம்ப் வெறிச்சோடிக் கிடந்தது. கேன்களை நிரப்பியவர், "அல்ஹம்துலில்லாஹ், உங்கட செட்டுல சனமே இல்லையே தம்பி," என்றார்.

அன்றிரவு விலை கூடவுமில்லை, குறையவுமில்லை. நான் ஊரை ஏமாற்றினேனா, காப்பாற்றினேனா? இன்றுவரை குழப்பம்தான். கல்யாணத்துக்குப் பஸ்ஸில் போனேன்.

இப்போதும் நான் உலகச் சந்தைச் செய்தி வாசிக்கிறேன். ஆனால் மாதக் கடைசியில் ஹாஜியார் என்னிடம் விலையைப் பற்றிக் கேட்பதில்லை.

"மனே, பைக்க வீட்ட வெச்சிட்டுத்தானே வந்த?" என்று மட்டும் கேட்பார்.