உட்காரத் தெரியாத ஜுன்ரே

ஜுன்ரே துமலகனுக்கு உட்காரத் தெரியாது. வகுப்பில், பூசையில், பேருந்தில் என்று எங்கே உட்கார்ந்தாலும் அவனுடைய இடது முழங்கால் தானாக ஆடத் தொடங்கிவிடும். பிலிப்பைன்ஸின் லெய்த்தே தீவில் அவன் படித்த பள்ளியில், முன் பெஞ்சுக்காரி அவன் காலாட்டத்தால் தன் கையெழுத்தே மாறிவிட்டது என்று ஆசிரியையிடம் முறையிட்டாள். ஆசிரியை அவனை நின்றபடியே பாடம் கேட்கச் சொன்னார். அது தண்டனை என்பது அவனுக்குக் கடைசிவரை தெரியாது.

அவனுடைய ஊரான கலுபிஹானில் கூடைப்பந்துத் தளம் ஒன்றுதான். கூரை போட்ட சிமெண்டுத் தரை. அறுவடைக் காலத்தில் அதில் நெல் காயும். மாலையானதும் நெல்லை ஓரமாகக் கூட்டித் தள்ளிவிட்டு ஆடுவார்கள். கூட்டியது போக மிஞ்சிய மணிகள் காலடியில் உருளும். ரப்பர் செருப்போடு அந்தத் தரையில் ஆடிப் பழகியவன் எட்டி அடி வைக்க மாட்டான். ஜுன்ரேயின் அடிகள் குட்டையானவை, படபடவென்று விழுபவை. அடுத்து எந்தப் பக்கம் திரும்புவான் என்பது அவனுக்கே அந்த நொடியில்தான் தெரியும். பள்ளிகளுக்கிடையிலான போட்டியில் ஒரே ஆட்டத்தில் முப்பத்தொரு புள்ளி எடுத்த அன்று, மணிலாவிலிருந்து ஆள் தேடி வந்திருந்த ஒருவர் ஆட்டம் முழுக்க அவன் பாதங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உயரம் பத்தல தம்பி. ஆனா இந்தக் கால நிறுத்தறதுக்கு ஆள் பொறந்துதான் வரணும்" என்றார்.

பதினாறு வயதில் கப்பலேறினான். பள்ளியின் கடைசி இரண்டு வருடமும் மணிலாவில், ஒரு பல்கலைக்கழகத்தின் பிள்ளைகள் அணியில். பிறகு அதே பல்கலைக்கழகத்தின் பெரிய அணியில் இரண்டு வருடம். பெரிய அணி என்றால் பெரிய பெஞ்ச். இரண்டு பருவமும் சேர்த்து அவன் களத்தில் இருந்தது நாற்பத்து நாலு நிமிடம். மற்ற நேரமெல்லாம் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, முழங்காலைக் கையால் அழுத்திப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தான். இருப்புக்கொள்ளாமல் வேறு பல்கலைக்கழகத்துக்கு மாறினான். மாறுகிறவன் ஒரு வருடம் ஆடக் கூடாது என்பது விதி. பயிற்சிக்கு வரலாம், ஆட்டத்தன்று சட்டை மாட்டிக்கொண்டு வேடிக்கை பார்க்கலாம். வெளியில் எந்தப் பந்தயத்திலும் ஆட மாட்டேன் என்று கையெழுத்தும் போட வேண்டும். போட்டான். புதிய பயிற்சியாளர் வில்லாருவெல் தாளை மடித்துக்கொண்டே, "ஒரு வருஷம் கால மடக்கிட்டு இரு. அப்புறம் டீமே உன்னோடது" என்றார்.

ஒன்பது மாதம் மடக்கினான். மே மாதம் ஊர்த் திருவிழா வந்தது.

திருவிழாப் பந்தயத்தில் பரிசு ஒரு முழுப் பன்றி, நெருப்பில் சுற்றிச் சிவக்க வாட்டியது. கலுபிஹானும் பக்கத்து ஊர் புன்தாவும்தான் எப்போதும் கடைசி ஆட்டத்தில் மோதும். ஆறு வருடமாகப் பன்றி புன்தாவுக்கே போய்க்கொண்டிருந்தது. ஊர்த் தலைவர் ஃபெலிமோனை எல்லாரும் கேப் என்றுதான் கூப்பிடுவார்கள். ஜுன்ரே பேருந்திலிருந்து இறங்கும்போதே அவர் நிறுத்தத்தில் நின்றுகொண்டிருந்தார்.

"என் பொண்டாட்டி புன்தாக்காரி, தெரியுமில்ல? ஆறு வருஷமா அவ சிரிக்கிற சிரிப்ப நீ பாத்திருந்தா இப்படிப் பைய மாட்டிட்டு நிக்க மாட்டே."

"கையெழுத்துப் போட்டிருக்கேன் கேப். ஆடினா தொலைஞ்சேன்."

"நீ எங்கடா ஆடப்போறே? எல்மர்தானே ஆடப்போறான்."

எல்மர் ஜுன்ரேயின் பெரியப்பா மகன். சரக்குக் கப்பலில் வேலை, எந்தக் கடலில் என்று அவன் மனைவிக்கே தெரியாது. அவனுடைய ஒன்பதாம் எண் பனியன் கேப் கையில் ஏற்கெனவே மடித்துத் தயாராக இருந்தது. வேண்டாம் என்று சொல்ல ஜுன்ரே வாயைத் திறந்தான். பந்து தரையில் மோதும் சத்தம் தளத்திலிருந்து வந்தது. பனியனை வாங்கிக்கொண்டான்.

ஆட்டம் மாலை நான்கு மணிக்கு. தொளதொளத்த பனியனில் அவன் புகுந்து புகுந்து வெளியே வந்தான். ஒன்பது மாதம் மடக்கி வைத்த கால் அது. கூட்டம் வேலிக்கு வெளியே தென்னை மரம் வரை நின்றது. மூன்று நிமிடம் பதினொரு நொடி மிச்சம், கலுபிஹான் ஒரு புள்ளி பின்னால். அப்போதுதான் புன்தா அணியின் மேலாளர், மீன் வியாபாரி பெர்தோ, கையைத் தூக்கிக்கொண்டு தளத்துக்குள் வந்தார். கேப்பின் மனைவியோடு கூடப் பிறந்தவர்.

"புகார்! இந்த ஒன்பதாம் நம்பர் எல்மரே இல்ல!"

"போய்யா மச்சான், தோக்கப்போற பயத்துல உளறாத" என்றார் கேப்.

"எல்மர் பொண்டாட்டி காலைலதான் எங்கிட்ட மீன் வாங்கினா. வாங்கினத ஃபோன்ல அவனுக்கே காட்டினா. 'பெர்தோ அண்ணே, கண்ணு வெளுத்துப் போச்சே, பழசா'ன்னு கப்பல்லேர்ந்து கேக்கறான். அவன் எப்படி மச்சான் இங்க வந்து பந்து போடுவான்? நீந்தி வந்தானா?"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. பந்தயக் குழுவில் மூன்று பேர், மூவரும் தொண்டையைச் செருமினார்கள். அந்தப் பந்தயத்தில் பெயரைப் பற்றி விதி எதுவும் கிடையாது. பிறப்பைப் பற்றித்தான் உண்டு. எந்த ஊருக்கு ஆடுகிறானோ அந்த ஊரில் பிறந்திருக்க வேண்டும். வெளியூர்க்காரனைக் கூலிக்குக் கொண்டுவந்தால் ஆட்டம் எதிரணிக்கு.

"கூலிக்காரன்! மணிலாலேர்ந்து வந்த கூலிக்காரன்!" என்று புன்தாப் பக்கத்திலிருந்து கத்தினார்கள்.

அந்த வார்த்தையைத்தான் கேப்பால் தாங்க முடியவில்லை. அறிவிப்பாளர் கையிலிருந்து மைக்கைப் பிடுங்கினார்.

"யாருடா கூலிக்காரன்? இவன் எல்மர் இல்ல, ஒத்துக்கறேன். ஆனா இந்த மண்ணுல பொறந்தவன்! பேரு ஜுன்ரே துமலகன். அதோ தெரியுதே சிவப்புத் தகரம், அந்த வீட்டுல பொறந்தான். மருத்துவச்சிய நான்தான் சைக்கிள்ல வச்சுக் கூட்டிட்டு வந்தேன். சீக்கிரமே மணிலா யுனிவர்சிட்டி டீமுக்கே ஆடப்போறான். எங்க புள்ளடா!"

ஒலிபெருக்கிகள் நான்கு. தன் பெயர் நான்கு மூலையிலிருந்தும் கிளம்பி நடுத்தளத்தில் தன் மேல் வந்து மோதுவதை ஜுன்ரே கேட்டான். வேலியோரம் ஃபோன்கள் உயர்ந்தன. பாதிப் பேர் நேரலையில் இருந்தார்கள். அரபு நாட்டில், ஹாங்காங்கில், மணிலாவில் வேலை செய்யும் கலுபிஹான்காரர்களெல்லாம் வருடாவருடம் அப்படித்தான் இந்த ஆட்டத்தைப் பார்ப்பார்கள்.

குழு கூடிப் பேசியது. கலுபிஹானில் பிறந்தவன்தான், ஆடலாம் என்று தீர்ப்பு வந்தது. பெர்தோ துப்பிவிட்டுப் போனார்.

அப்போதே வெளியேறியிருக்கலாம். பனியனைக் கழற்றி கேப்பின் கையில் கொடுத்துவிட்டு நடந்திருந்தால், மைக்கில் ஒரு கிழவர் உளறினார் என்று மணிலாவில் சொல்லிச் சமாளித்திருக்கலாம். தளத்தின் ஓரம் நான்கடி தூரத்தில் இருந்தது. ஜுன்ரே அந்த நான்கடியைப் பார்த்தான். குனிந்து ஷூ நாடாவை இறுக்கினான். ஆடப் போனான்.

இரண்டு புள்ளி வித்தியாசத்தில் ஜெயித்தார்கள். பன்றியைத் தோளில் தூக்கிக்கொண்டு ஊர்வலம் போகும்போதுதான் கேப் அவன் முகத்தைப் பார்த்தார்.

"ஐயோ. மைக்லயா சொன்னேன்?"

"மைக்லதான் கேப்."

"மெதுவாத்தானே சொன்னேன்?"

திங்கட்கிழமை வில்லாருவெல் தன் ஃபோனை மேசையில் நிமிர்த்தி வைத்தார். ஆட்டத்தின் கடைசி மூன்று நிமிடம் ஓடியது.

"யாரு இது?"

"எல்மர், கோச்."

அவர் முழுவதையும் பார்த்து முடித்தார். "எல்மர் நல்லா ஆடறான். எல்மர் வந்தா எடுத்துக்குவேன். உன்ன எடுக்க முடியாது."

விடுதிக் கட்டிலும் அதோடு போயிற்று. அக்கா ஜெனலின் மணிலாவை ஒட்டிய பாசிக்கில் ஓர் அறையில் இருந்தாள். வெளிநாட்டு அழைப்புகள் எடுக்கும் வேலை, இரவெல்லாம் பேசிவிட்டுப் பகலில் தூங்குவாள்.

"தங்கிக்க. ஆனா பந்து தரைல பட்டுச்சுன்னா கத்தியால கிழிச்சு அரிசி போட்டு வைக்க எடுத்துக்குவேன்" என்றாள். பகலெல்லாம் பந்தை மடியில் வைத்துக்கொண்டு அவன் கட்டிலின் ஓரத்தில் இருந்தான். முழங்கால் ஆடியது. கட்டிலும் ஆடியது.

"நீ எந்திரிச்சு வெளிய போறியா, இல்ல நான் கட்டில வித்துடட்டுமா?"

தொலைக்காட்சி எட்டிப் பார்க்காத ஒரு சிறிய கல்லூரியில் சேர்ந்து இரண்டு வருடம் ஆடினான். அணியில் அதிகப் புள்ளி அவனுடையதுதான். அதைப் பார்க்க வந்தவர்கள் பெரும்பாலும் எதிரணியின் காதலிகள். படிப்பு முடிந்த கையோடு, மாகாண அணிகள் மோதும் தொழில்முறை லீக்கில் பதங்காஸ் அணிக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று தெரிந்து போனான். நூற்று எண்பது பேர். புஜத்தில் மையால் எண் எழுதி உள்ளே விட்டார்கள். மூன்றாம் நாள் மாலை ஆறு பேர் மிஞ்சினார்கள். பயிற்சியாளர் எஸ்குவேரா ஜுன்ரேயை மட்டும் தனியே கூப்பிட்டார்.

"பதினஞ்சு பேர் நிரம்பிட்டாங்க. நீ பதினாறு. யாராவது விழுந்தாத்தான் உள்ள வருவ. மூணு மாசமாகலாம், வராமலே போகலாம். இடைல வேற எங்கயாவது ஆடினேன்னு கேள்விப்பட்டா அன்னிக்கே மூட்டையக் கட்டிடணும். உன் எல்மர் கதை எனக்கும் தெரியும்." அவன் முழங்காலைப் பார்த்தார். "உக்காரத் தெரியுமா?"

"தெரியாது கோச்."

"கத்துக்க. வயசு இருபத்து மூணு. இதுக்கப்புறம் வேற கதவு எதுவும் இல்ல."

அது உண்மை என்பது அவனுக்கும் தெரிந்திருந்தது. காலையில் எல்லாரோடும் பயிற்சி, ஆட்டத்தன்று பெஞ்சுக்குப் பின்னால் பிளாஸ்டிக் நாற்காலி. இரண்டாம் மாதம் ஒரு ஞாயிறு, பக்கத்து ஊர்த் திருவிழாவில் ஆட வரச்சொல்லி பெயரெல்லாம் கேட்க மாட்டோம் என்று ஒருவன் கூப்பிட்டான். ஜுன்ரே ஷூவைப் பையில் போட்டுக்கொண்டு ஜீப்னி வண்டி ஏறிப் போனான். போய் வேலிக்கு வெளியே நின்றான். பந்து ஒருமுறை உருண்டு அவன் காலடிக்கு வந்தது. எடுத்து இரண்டு தடவை தட்டினான். மூன்றாவது தட்டுக்குக் கை இறங்கியபோது பந்தைத் தூக்கி உள்ளே எறிந்துவிட்டு, ஜீப்னிக்குக்கூடக் காத்திருக்காமல் ஒன்றரை மணி நேரம் நடந்து திரும்பினான்.

பதினொன்றாவது வாரம் அணியில் ஒருவனுக்குக் கணுக்கால் பிசகியது. சனிக்கிழமை ஆட்டத்தில் ஜுன்ரேவுக்குச் சீருடை கிடைத்தது. முதல் பாதி போயிற்று. மூன்றாம் கால்பகுதியும் போயிற்று. பதினான்கு புள்ளி முன்னிலையில் இரண்டு நிமிடம் மிச்சமிருக்கும்போது, "துமலகன்!" என்று எஸ்குவேரா திரும்பாமலே கூப்பிட்டார்.

மூன்றடியில் ஆட்டக் கணக்கு எழுதுகிற மேசைக்குப் போய் மண்டியிட்டான். ஆட்டம் நின்றால்தான் மாற்றாள் உள்ளே போக முடியும். பந்து நிற்கவில்லை. இந்தக் கூடைக்கும் அந்தக் கூடைக்கும் போய் வந்தது, கோட்டை ஒட்டி உருண்டது, வெளியே மட்டும் போகவில்லை. ஒரு நிமிடம் இருபது நொடி, மண்டியிட்டவாக்கில். வெளிய போ, வெளிய போ என்று பந்திடம் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னான். மேசையில் இருந்தவர் குனிந்து, "மெதுவா தம்பி, மேசை ஆடுது" என்றார்.

விசில் ஊதியபோது முப்பத்தெட்டு நொடி மிச்சம். உள்ளே போனான். எதிரணியின் பந்துக்காரன் முன்னால் குட்டைக் குட்டை அடிகளாய் வைத்து அவனை ஓரக்கோடு வரை நெருக்கினான். பந்து அவன் கைக்கு ஒருமுறையும் வரவில்லை. மணி அடித்தது. இரண்டு அணியும் கைகொடுத்துக்கொண்டு படிகளில் இறங்கின. ஜுன்ரே நடுத்தளத்தில் நின்றான். தரை துடைக்கிறவர்கள் அவனைச் சுற்றிக்கொண்டு துடைத்தார்கள்.

துணைப் பயிற்சியாளர் திரும்பி வந்தார். "இப்ப நீ தொழில்முறை ஆட்டக்காரன்டா. வேர்க்கவே இல்லன்னாலும் பரவால்ல. வா, குளிக்கலாம்."

"நாளைக்கு எத்தனை மணிக்குப் பயிற்சி?"

"நாளைக்கு லீவு."

"பந்து ரூம் சாவி யார்கிட்ட இருக்கு?"