உறை பிரிக்காத ஸ்டூல்கள்

தரையில் பிளாஸ்டிக் ஸ்டூல் இழுபடும் அந்தக் கிறீச் ஓசை. பல் கூசும் என்பார்கள். எனக்கு மட்டும் எந்த ஊரில், எந்தக் கடையில் கேட்டாலும் முதுகு நிமிர்ந்துகொள்கிறது.

தேரடிப் பக்கம் மூன்று மாடி ஜவுளிக்கடை. பதினாறு வருஷமாக நான் அங்கே மேனேஜர். புதிதாகச் சேரும் பெண்களுக்கு முதல் நாள் நான் சொல்லிக்கொடுத்தது ஒன்றுதான்: "கஸ்டமர் உக்காந்தாலும் நீங்க நிக்கணும். செவுத்துல சாயக் கூடாது." பௌர்ணமியன்று மலையைச் சுற்றிவிட்டு வருகிற கூட்டம் கடைக்குள்ளும் நிறையும். பதினான்கு கிலோமீட்டர் நடந்தவர்கள் மெத்தையில் கால் நீட்டி உட்கார, ஓரடிகூட நடக்காமல் கால் வீங்கியவர்கள் அவர்களுக்குச் சேலை விரித்தார்கள். கவனித்தேன். வீட்டுக்குப் போய் மலையைப் பற்றி நோட்டில் கவிதை எழுதினேன், அந்தக் கால்களைப் பற்றி ஒரு வரியும் எழுதவில்லை.

பிறகு சட்டத்தில் திருத்தம் வந்தது. கடைகளில் வேலை செய்கிறவர்களுக்கு இருக்கை தர வேண்டும், வேலைக்கு நடுவே வாய்ப்புக் கிடைக்கும்போது அவர்கள் உட்காரலாம். முதலாளி மறு வாரமே பன்னிரண்டு ஸ்டூல் வாங்கிவிட்டார். வாங்கியதோடு சரி. சாமி படத்துக்கு எதிரே வேலைக்காரர்கள் உட்கார்ந்தால் வியாபாரம் படுத்துவிடும் என்று நம்புகிறவர் அவர். பாலிதீன் உறைகூடப் பிரிக்காமல் சேலைப் பிரிவு மூலையில் ஒன்றன் மேல் ஒன்றாக அவையும் நின்றுகொண்டே இருந்தன. ஆயுத பூஜைக்குக் கத்தரிக்கோலோடும் மீட்டர் கோலோடும் சேர்த்து ஸ்டூல்களுக்கும் சந்தனம், குங்குமம் வைத்தோம். வைத்தவன் நான்தான்.

கீழ்பென்னாத்தூரிலிருந்து தினமும் காலை பஸ்ஸில் வருகிற பெண் ஒருவர், ஒன்பது வருஷமாகச் சேலைப் பிரிவில் இருந்தார். பஸ்ஸிலும் நின்றுதான் வருவார். கெண்டைக்காலில் நரம்புகள் நீலமாகச் சுருண்டிருக்கும். மகள் நர்சிங் படிக்கிறாள், வீட்டில் வேறு சம்பளம் கிடையாது. பௌர்ணமி கழிந்த மறுநாள் மதியம், கடையில் ஈ ஆடாத நேரம். அவர் மூலைக்குப் போனார். மேலிருந்த ஸ்டூலை எடுத்தார். பாலிதீனைக் கிழித்தார். கிறீச். உட்கார்ந்தார்.

மாடி அறையில் கேமரா பார்த்துக்கொண்டிருந்த முதலாளி என்னைக் கூப்பிட்டார்.

"மேனேஜரு, யாருய்யா அது, மகாராணியாட்டம் உக்காந்துனு இருக்கறது?"

"ஒம்போது வருஷமா இருக்கறவங்க முதலாளி."

"அதான் கொழுப்பு ஜாஸ்தியாயிடுச்சு. நாளையிலேருந்து வர வேணாம்னு எழுதி எடுத்துட்டு வா."

கீழே இறங்கி அவரிடம் சொன்னேன். சொல்லும்போது அவர் எழுந்துவிடுவார் என்று நினைத்தேன். எழவில்லை. ஸ்டூலில் ஒட்டியிருந்த காய்ந்த குங்குமத்தை நகத்தால் சுரண்டிக்கொண்டே சொன்னார்:

"எழுதுங்கண்ணா. உக்காந்ததுக்குதான் அனுப்பறாங்கன்னா அதையே எழுதுங்க. வேற எதையும் சேக்காதீங்க. நீங்கதான் நல்லா எழுதுவீங்களாமே."

பக்கத்தில் சுடிதார் பிரிவுப் பெண்கள் சிரிப்பை அடக்க வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

வாழ்நாளில் ஒரு வரிக்காக நான் அவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டதில்லை. அடித்து, திருத்தி, கடைசியில் அவர் சொன்னதையே எழுதினேன்: 'வாடிக்கையாளர் இல்லாத நேரத்தில், ஊழியர்களுக்காகக் கடை வாங்கிய ஸ்டூலில் உட்கார்ந்த காரணத்தால் இவர் வேலையிலிருந்து நீக்கப்படுகிறார்.' கையெழுத்துக்கு நீட்டினேன்.

முதலாளி இரண்டு முறை படித்தார்.

"என்னாய்யா இது?"

"நடந்தது முதலாளி."

"எதுத்துப் பேசினாள்னு போடு."

"அப்படிப் போட்டா விசாரணை வெக்கணும். அவங்க பக்கத்தயும் கேக்கணும். கேமராப் பதிவக் காட்டுனு கேப்பாங்க. அதுல அவங்க வாயே தெறக்கல."

"விசாரணையெல்லாம் வேணாம். ஒரு மாசம் நோட்டீஸ் குடுத்து அனுப்பு."

"அதுக்கும் நியாயமான காரணம் வேணுங்க. நம்மகிட்ட இருக்கற காரணம் இந்த ஸ்டூலு ஒண்ணுதான். சட்டம் சொல்லி வாங்கின ஸ்டூலு. இதுல நீங்க கையெழுத்து போட்டா, நமக்கு எதிரா நாமளே எழுதிக் குடுத்த மாதிரி."

என் வேலையும் அந்தத் தாளில்தான் இருக்கிறது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. முதலாளி பேனாவை மூடினார். தாளை நான்காக மடித்துத் தன் பையில் வைத்துக்கொண்டார். கேமராத் திரையில் அந்தப் பெண் இன்னும் உட்கார்ந்தேதான் இருந்தார்.

"சாமி படத்தை எதிர்ச் செவுத்துலேருந்து எடுத்துக் கல்லாவுக்கு மேல மாட்டச் சொல்லு," என்றார் முதலாளி.

படம் மாறியது. அன்று சாயங்காலத்துக்குள் பதினொரு உறைகளும் பிரிந்தன. அடுத்த பௌர்ணமியில், கூட்டம் சற்று ஓய்ந்த ஒரு பத்து நிமிஷம், பன்னிரண்டு பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருந்ததை நான் மாடிப்படியில் நின்று பார்த்தேன். என் நோட்டில் இல்லாத வரி அது.

போன தை மாதம், முதல் உறையைக் கிழித்தவருக்கு வேலூரில் ஒரு கடையில் சூப்பர்வைசர் வேலை கிடைத்தது. கடைசி நாள் பஸ் ஸ்டாண்டு வரை உடன் போனேன். "அங்க ஸ்டூலு போட்டிருக்காங்களான்னு பாத்தியாம்மா?" என்று கேட்டேன்.

பஸ் படியில் ஒரு கால் வைத்தபடி திரும்பினார்.

"ஸ்டூலு எல்லா கடையிலயும் இருக்குதுண்ணா. உறைய பிரிச்சிருக்காங்களானு பாத்துட்டுத்தான் வேலைக்கு வரேன்னு அவங்ககிட்ட சொன்னேன்."