விரல் முறுக்கில் நின்ற பெஞ்சு

பெட்டிக்குள் பலகையாகவும் இரும்புக் காலாகவும் வந்து இறங்கும் பெஞ்சைத் தோட்டத்திலோ முற்றத்திலோ மாட்டி நிறுத்துவதுதான் இருபது வருஷமாக அவர் பிழைப்பு. அதில் அவருக்கு ஒரு பிடிவாதம். போல்ட்டுகளை முதலில் விரலால் மட்டும் திருகுவார். பிறகு பக்கத்தில் பிடித்துக்கொண்டு வீட்டுக்காரரை மெல்ல உட்காரச் சொல்வார். கால்கள் தரையில் படிந்த பிறகே ஸ்பானரைத் தொடுவார்.

ஊரார் வீட்டுக்கெல்லாம் பெஞ்சு போட்ட மனுஷனுக்குத் தன் வீட்டு வாசலில் ஒன்று போட நேரம் வாய்க்கவில்லை. என்னத்தைச் சொல்ல! மனைவி இடுப்பெலும்பு முறிந்து, நாலு மாசம் கட்டிலில் கிடந்து, இப்போதுதான் கம்பு ஊன்றி நடக்கிறாள். இன்னொரு தரம் விழுந்தால் அவ்வளவுதான் என்று டாக்டர் கறாராகச் சொல்லியிருந்தார்.

"வெயில்ல கொஞ்ச நேரம் உக்காரணும்ங்க. சுவத்தையே பாத்துப் பாத்துப் பைத்தியம் பிடிக்குது" என்றாள் அவள். அவள் கேட்டது அது ஒன்றுதான்.

ஒருவழியாக ஒரு ஞாயிற்றுக்கிழமை பெஞ்சு வந்தது. எட்டு போல்ட்டையும் விரலால் திருகிவிட்டு நிமிர்ந்தார். முந்தின நாள் பெஞ்சு போட்ட வீட்டிலிருந்து போன் அடித்தது.

"என்னங்க இது? நேத்து போட்ட பெஞ்சு ஆடுது. விருந்தாளிங்க வர்ற நேரம்!"

தன் வேலை ஆடுகிறது என்றால் அவருக்குப் பொறுக்காது. ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "நான் போட்ட பெஞ்சு ஆடுதா? இதோ வர்றேன்!" என்று வீட்டுக்குள் கேட்கிற மாதிரி போனில் கத்தினார். ஸ்பானரைப் பையில் போட்டுக்கொண்டு விறுவிறுவென்று கிளம்பிவிட்டார். மனைவியிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஸ்பானர் படாத பெஞ்சு அவரைப் பொறுத்தவரை பெஞ்சே இல்லை. அதில் ஒருத்தர் போய் உட்காருவார் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. அவளோ ஜன்னல் வழியாகப் பார்க்கிறாள். நாலு காலும் முதுகுமாக ஜம்மென்று நிற்கிறது!

அந்த வீட்டில் போல்ட்டெல்லாம் கல்லு மாதிரி இருந்தது. ஒரு காலுக்கடியில் கூழாங்கல் சிக்கியிருந்தது, அவ்வளவுதான். அதை எடுத்துப் போட்டுவிட்டுத் திரும்பினார்.

வாசலில் பெஞ்சு ஒருபக்கமாகச் சரிந்து கிடந்தது. பக்கத்தில் அவள் கிடந்தாள்.

இனி அவள் எழுந்து நடப்பதைப் பற்றி நினைக்கவே வேண்டாம் என்று ஆஸ்பத்திரியில் கையை விரித்துவிட்டார்கள். கட்டிலருகே நின்று அவர் தலையில் தலையில் அடித்துக்கொண்டார். "ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போயிருக்கக் கூடாதா? பாவி, பாவி!"

அவள் கண்ணைத் திறந்து அவர் கையைப் பிடித்து இறக்கினாள்.

"விடுங்க, நான்தான் அவசரப்பட்டுட்டேன். ஆமா, போன வீட்டுல பெஞ்சு இப்ப ஆடலயே?"

"ஆடல" என்றார்.