மூன்றாவது கேசட்

அப்பா இரண்டு கல்லூரிக்கு விண்ணப்பம் போட்டால் போதும் என்றார். நான் மூன்று கேட்டேன். எழுபதுகளின் கடைசியில், வளைகுடா நாட்டில், மனாமா நகரத்தில் குதைபியா பக்கம் இரண்டு அறை ஃப்ளாட்டில் இருந்துகொண்டு, பாட்டும் நடிப்பும் சேர்த்துச் சொல்லித்தரும் கல்லூரிக்குப் பெண்ணை அனுப்ப ஒருவர் சம்மதித்ததே பெரிய விஷயம். எங்களுக்குத் தெரிந்த மற்ற அப்பாக்கள் டைப்ரைட்டிங்கைத் தாண்டி யோசிக்கவில்லை. எனக்கு அது போதவில்லை. பதினேழு வயதில் எனக்கு எதுவுமே போதாது.

தமிழ்க் குடும்பங்கள் சேர்ந்து நடத்திய ஆண்டு விழாவில் மூன்று வருஷமாக இசை நாடகத்தின் கதாநாயகி நான்தான். போட்டிக்கு ஆள் இல்லை என்பது இப்போது புரிகிறது. அன்றைக்குக் கைதட்டல் தலைக்கேறியிருந்தது. சென்னையில் ஒரு கல்லூரி, வடக்கே ஒன்று. வெளிநாட்டில் இருப்பவர்கள் பாட்டையும் வசனத்தையும் கேசட்டில் பதிந்து அனுப்பினால், தேறியவர்களை மட்டும் நேரில் கூப்பிடுவார்கள். இரண்டுக்கும் பதிந்தாகிவிட்டது. மூன்றாவது கல்லூரி இங்கிலாந்தில். அங்கே கேசட்டை வைத்தே முடிவு சொல்லிவிடுவார்கள் என்று விவரப் புத்தகத்தில் போட்டிருந்தது. அந்தப் பக்கத்தை மட்டும் நான் இருபது தடவை படித்திருப்பேன்.

"ரெண்டு போட்டாச்சுல்ல, கலாஸ், அதோட முடிஞ்சது. இங்கிலாந்தெல்லாம் வேணாம்" என்று சொல்லிவிட்டு அப்பா சைட்டுக்குக் கிளம்பினார்.

"ஒண்ணு கூடப் போட்டுத்தான் பாக்கட்டுமே" என்று அம்மா எனக்காகப் பேசினாள். அப்பா பதில் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் அதற்குச் சம்மதம் என்று அர்த்தம்.

அம்மாவுக்கு அப்போது ஏழாவது மாதம் முடியப் போகிறது. எனக்குப் பிறகு பதினேழு வருஷம் கழித்து உண்டான பிள்ளை. எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. அவள் என் பள்ளிப் பக்கம் வந்தால் தெரியாதவள் மாதிரி நடந்திருக்கிறேன். முதல் பிள்ளைக்குத்தானே வளைகாப்பு என்று அவளே தயங்கினாள். பக்கத்து ஃப்ளாட் பெண்கள் விடவில்லை. இத்தனை வருஷம் கழித்து வந்தால் இதுவும் தலைப்பிள்ளைதான் என்று கேலி செய்து, ஊரிலிருந்து வந்த யாரிடமோ சொல்லிக் கண்ணாடி வளையல் வரவழைத்து, இரண்டு கை நிறைய அடுக்கிவிட்டார்கள். பிரசவம் வரைக்கும் கழற்றக் கூடாது. வயிற்றில் இருக்கும் குழந்தை அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டுமாம்.

கல்யாணத்துக்கு முன்னால் அம்மா பாட்டுக் கற்றவள். எனக்குச் சுருதிப் பெட்டி போடுவது அவள்தான். துருத்தியைத் தள்ளித் தள்ளி இழுக்கும்போது வளையல்கள் குலுங்கும். முதல் இரண்டு கேசட்டுக்கும் கையில் துணியைச் சுற்றிக்கொண்டு சமாளித்தாள். ஆனால் இங்கிலாந்துக் கல்லூரி, சுருதி தவிர வேறு எந்தச் சத்தமும் கூடாது என்று கண்டிப்பாக எழுதியிருந்தது.

பதிவு செய்வதற்குப் பகல் ஒரு மணிக்கு மேல்தான் தோதான நேரம். கடைகள் அடைத்து, தெருவே தூங்கும். ஆகஸ்ட் மாதம். ஏசி இரைச்சல் விழும் என்று அதையும் நிறுத்தினேன். ஜன்னலைச் சாத்தி, கதவிடுக்கில் துண்டைத் திணித்தேன். இரண்டு தடவை பாடிக் கேட்டேன். துணிக்குள்ளிருந்தும் வளையல் கேட்டது.

"இதைக் கழட்டிடேம்மா. பாடி முடிச்சதும் போட்டுக்கலாம்."

"கழட்டக் கூடாதுடி."

"பத்து நிமிஷம்மா. நீதானே போட்டுப் பாக்கலாம்னு சொன்னே?"

அம்மா என்னைப் பார்த்தாள். பிறகு எழுந்து குளியலறைக்குப் போய்ச் சோப்புப் போட்டு ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டு வந்து மேசைமேல் வைத்தாள். ஒன்றுகூட உடையவில்லை. அதில் எனக்கு ஒரு சந்தோஷம் வேறு.

பத்து நிமிஷம் இரண்டு மணி நேரமானது. "இன்னொரு தடவை, இன்னொரு தடவை" என்று நான் பிடிவாதம் பிடித்தேன். அம்மாவின் ரவிக்கை நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது. தலை வலிக்கிறது என்று ஒரு முறை சொன்னாள். கடைசியாகப் பாடியது நன்றாக வந்தது. அப்படி நான் அதற்கு முன்னால் பாடியதில்லை.

ஏசியைப் போட்டுவிட்டு வளையல்களை எடுத்தேன். அம்மாவின் கைக்குள் அவை போகவில்லை. சோப்புப் போட்டும் விரல் முட்டியைத் தாண்டவில்லை. கை உப்பியிருந்தது, நான் அழுத்திய இடத்தில் குழி விழுந்து அப்படியே நின்றது. அதை நன்றாகப் பார்த்தேன். புடவையை ஒதுக்கி அவள் காலையும் பார்த்தேன். அங்கேயும் அப்படித்தான்.

"வெயிலுக்கு வீங்கியிருக்கும். அப்பாகிட்ட சொல்லாதே, வளையலை ஏன் கழட்டினேன்னு கத்துவாரு" என்றாள். நானும் சொல்லவில்லை. கேசட்டைத் தபாலில் சேர்க்கும் அவசரம் எனக்கு.

ஒன்பதாம் நாள் காலை, கண் மங்குகிறது என்று சொல்லிச் சமையலறையில் உட்கார்ந்த அம்மாவுக்கு வலிப்பு வந்தது. அவளைக் காப்பாற்றிவிட்டார்கள். தம்பி இறந்தே பிறந்தான். ஆஸ்பத்திரி நடையில் வைத்து டாக்டரம்மா அப்பாவிடம் இங்கிலீஷில் சொன்னாள்: இரத்த அழுத்தம், கையும் காலும் வீங்கிய அன்றே கூட்டி வந்திருந்தால் குழந்தையும் பிழைத்திருக்கலாம்.

அப்பா என் பக்கம் திரும்பினார். "வீக்கம் இருந்துச்சாம்மா? நீ வீட்லதானே இருந்தே?"

"நான் கவனிக்கலப்பா."

அவர் என்னை நம்பினார். டாக்டர் சொன்னது அம்மாவுக்குத் தெரிய வேண்டாம், ஒடிந்து போய்விடுவாள் என்றும் சொன்னார். அதனால் வீக்கத்தைப் பற்றி எங்கள் வீட்டில் யாரும் பேசவில்லை. அம்மா வளையலைத்தான் நினைத்துக்கொண்டிருந்தாள். வாயைத் திறந்து சொல்லவில்லை. ஆனால் வெறும் கையை மடியில் வைத்துப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பாள். வீட்டில் சத்தமே இல்லை. அந்த மௌனத்தில் உட்கார்ந்து சோறு தின்ன எனக்குப் பயமாக இருந்தது. இன்றும் மேடையில் பாட்டு தொடங்கும் முன் அரங்கம் அடங்கும் அந்த ஒரு நொடியில் அதே பயம் வருகிறது. யாரோ காதைத் தீட்டிக்கொண்டு காத்திருப்பதாகத் தோன்றும்.

சென்னையிலிருந்து பதில் வரவில்லை. வடக்கே இருந்து மறுத்து எழுதினார்கள். இங்கிலாந்துக் கல்லூரி மட்டும் என்னை எடுத்துக்கொண்டது. கடிதத்தைக் கிழித்துப் போடப் போனேன். போக மாட்டேன் என்று சொன்னபோது, அப்பாவே "போம்மா" என்றார். நான் அசையவில்லை.

அம்மா என் கையிலிருந்து கடிதத்தை வாங்கி மடித்து என்னிடமே நீட்டினாள்.

"நீ போகணும். நான் கழட்டினதாலதான் அவன் போனான். நீயும் போகலன்னா, அவன் எதுக்குப் போனான்னே இல்லாம ஆயிடும்."

அப்போதே சொல்லியிருக்கலாம். 'நீ வளையலைக் கழற்றியதால் இல்லைம்மா, வீக்கத்தைப் பார்த்தும் நான் வாயை மூடிக்கொண்டிருந்ததால்' என்ற ஒரு வரி போதும். அந்த வரியோடு அவள் பாரம் இறங்கியிருக்கும்; என்மேல் ஏறியிருக்கும். நான் கடிதத்தை வாங்கிக்கொண்டேன். அதற்குப் பிறகு அம்மா இருபத்தாறு வருஷம் இருந்தாள். லீவுக்கு லீவு போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டு, சொல்லாமலே திரும்பி வந்தேன்.