குட்டி விமானத்துக்கு மெத்தை

மேனாம்பேட்டில் கார்களுக்கு சீட் கவர் தைக்கும் என் கடைக்குள் அவர் நுழைந்தபோதே எனக்குப் பிடிக்கவில்லை. ஆறடிக்கு மேல் உயரம், சாயம் பூசிய மீசை. எதிரில் இருப்பதைக் கார் சாவியால் தட்டிக்கொண்டேதான் பேசுவார். முதலில் என் தையல் மிஷினைத் தட்டினார், பிறகு என் தோளை.

சொந்தமாக ஒரு பழைய குட்டி விமானம் வைத்திருந்தார். அதற்குப் புது பெயின்ட் அடித்து, முன்னால் இருந்த முள் மீட்டர்களை எடுத்துவிட்டுத் கம்ப்யூட்டர் திரைகள் வைத்தாயிற்றாம். சீட்டுகள்தான் பாக்கி. கழற்றி வேனில் கொண்டுவந்திருந்தார். கடைத் தரையிலேயே ஒன்றைப் போட்டு உட்கார்ந்து பார்த்தார்.

“மெத்தை பத்தல. ஏத்து.”

ஏற்றினேன். மறுபடி உட்கார்ந்தார்.

“இன்னும்.”

“சார், ஒருவாட்டி பிளேன்ல வச்சுப் பாத்துக்கினு அப்பால தைக்கலாம்,” என்றேன்.

“உன்ன யாருய்யா ஏர்போர்ட்டுக்குள்ள விடுவான்? சொன்னத செய்.”

செய்தேன். அடுத்த வாரம் அவரே கார் அனுப்பி என்னை விமானம் நிற்கும் இடத்துக்கு வரவழைத்தார். தலை கூரையில் முட்டியதால் கழுத்தை மடக்கிக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருந்தார்.

“மெத்தைய கொறச்சுடட்டுமா சார்?”

“மெத்தை நல்லாத்தான் இருக்கு.” சாவியால் கூரையைத் தட்டினார். “இத கொஞ்சம் ஏத்த முடியுமா பாரு.”

முடியாது என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். அப்புறம் யாரிடம் போனாரோ தெரியாது. கடைக்கு மேலே குட்டி விமானம் ஏதாவது போனால் இப்போதும் வெளியே வந்து அண்ணாந்து பார்ப்பேன். அந்தக் கழுத்து மடங்கியே இருக்கட்டும்.